குடிநீரும் கண்கட்டுச் சோதனையும்

நீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவர் ஒருவர் ஒரு வீட்டிற்கு வருகிறார். இரண்டு கண்ணாடிக் குவளைகளைக் கேட்டு வாங்குகிறார். ஒன்றில் அவ்வீட்டுக் குழாய் நீரையும், மற்றொன்றில் தம் கருவியில் வடித்த நீரையும் நிரப்புகிறார். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சிறு சாதனத்தை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்துகிறார். சில நிமிடங்களில் குழாய் நீர் செம்பழுப்பாகிக் கசடு மிதக்கிறது. மற்றக் குவளை நீரோ ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கிறது. “இந்த அழுக்கைத்தான் உங்கள் குழந்தைகள் நாள்தோறும் குடிக்கிறார்கள்” என்கிறார் அவர். பார்த்திருக்கும் தாய் திகைத்துப் போவதில் வியப்பில்லை.

இச்சோதனை நம் நாட்டின் பல பகுதிகளில் வீடு வீடாகக் காட்டப்பட்டு வந்திருக்கிறது. நீர் பழுப்பாவது உண்மையே. அதற்குக் கூறப்படும் காரணந்தான் பொய். இவ்வேறுபாட்டை மக்களுக்கு விளக்கும் பொறுப்பு கள ஊழியர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்தது.

கசடு எங்கிருந்து வந்தது?

குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் கால்சியம், மக்னீசியம், சோடியம் முதலியவற்றின் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. அவற்றின் வழியாகவே நீரில் மின்சாரம் பாய்கிறது. அவ்வாறு பாயும்போது, நேர்மின்முனையாக அமைந்த இரும்புக் கம்பி சிறிது சிறிதாகக் கரைகிறது. கரைந்த இரும்பு, நீரிலும் காற்றிலும் உள்ள பிராணவாயுவுடன் கூடித் துருவாக மாறுகிறது. குவளையில் கண்ட கசடு பெரும்பாலும் இத்துருவே. அது நீரிலிருந்து வெளிப்பட்டதன்று. விற்பவர் கொணர்ந்த கம்பியிலிருந்து வந்தது.

வடித்த நீரில் உப்புக்கள் மிகக் குறைவு. ஆகவே மின்சாரம் செவ்வனே பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. நீர் தெளிவாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

பள்ளியில் செய்து பார்க்க

தேவையான பொருள்கள்: 9 வோல்ட் பாட்டரி ஒன்று, துத்தநாகப் பூச்சில்லாத இரும்பு ஆணிகள் இரண்டு, இரண்டு கரிக்குச்சிகள் (தடித்த பென்சிலின் உட்கரி போதும்), மின்கம்பிகள், கண்ணாடிக் குவளைகள். வீட்டு மின்சாரத்தை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது.

1. கிணற்று நீரில் இரு ஆணிகளையும் ஒன்றையொன்று தொடாதவாறு நிறுத்திப் பாட்டரியுடன் இணைக்க. அரைமணி நேரத்திற்குள் நீர் நிறம் மாறுவதைக் காணலாம்.

2. காய்ச்சி வடித்த நீரில் அவ்வாறே செய்க. மாற்றம் ஏதும் புலப்படாது. பின்னர் அதிலேயே ஒரு சிட்டிகைச் சமையல் உப்பை இடுக. ‘தூய’ நீரும் பழுப்பாகும்.

3. மீண்டும் புதிய கிணற்று நீரை எடுத்து, ஆணிகளுக்குப் பதிலாகக் கரிக்குச்சிகளை இணைக்க. குமிழிகள் எழும், துருநிறம் தோன்றாது.

நிறம் இரும்பிலிருந்து வருகிறது என்பதை மூன்றாம் சோதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டும். ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, விளைவை ஒப்பிடுவதே விஞ்ஞான முறை. விற்பவரின் சோதனையில் இல்லாதது இந்த ஒப்பீடுதான்.

மீட்டர் காட்டும் எண்

டி.டி.எஸ். மீட்டர் என்னும் கருவியையும் சிலர் காட்டி அச்சுறுத்துவர். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்புக்களின் மொத்த அளவைக் கணித்துக் கூறுவது. உப்பு நல்லதா, தீயதா என்று அதற்குத் தெரியாது. இளநீரில் தோய்த்தால் மிக உயர்ந்த எண்ணையே காட்டும். அதனால் இளநீர் நஞ்சாகிவிடுமா?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (2012), லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த பொருள்களை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 500க்குக் குறைவான நீருக்கு, ஆர்.ஓ. என வழங்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறைக் கருவிகளைத் தடை செய்யுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் மத்திய அரசைப் பணித்தது. இக்கருவிகள் நீரில் ஒரு பகுதியை வீணாகக் கழித்து விடுவதும் கருதத்தக்கது. எனினும் அவை எங்குமே பயனற்றவை என்று கூறுதல் தவறு. உப்பு மிகுந்த நீருக்கும், புளோரைடோ ஆர்சனிக்கோ கலந்த நீருக்கும் அவை உதவும்.

கார நீர் என்னும் மருந்து

மற்றொரு சாரார், மின்சாரத்தால் பக்குவம் செய்த கார நீர் உடலின் அமிலத்தை நீக்கி நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்க்கும் என்பர். சிறு கணக்கு ஒன்று போதும். வேறு உப்புக்கள் கலவாத, பி.எச். எண் 9 உள்ள நீர் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்வோம். அதன் காரத்தன்மையை நீக்க, பி.எச். எண் 2 உள்ள இரைப்பை நீர் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் போதும். இரைப்பையோ நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கிறது. இரத்தத்தின் பி.எச். எண்ணை 7.35க்கும் 7.45க்கும் இடையில் காப்பவை நுரையீரலும் சிறுநீரகங்களுமே. குடிக்கும் நீர் அன்று.

இதனால் நேரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. இந்நீரை நம்பி நீரிழிவு நோயாளி தம் மருந்தை நிறுத்துவாராயின் உயிருக்கே கேடு நேரும். புற்றுநோயாளிக்கோ, சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் திரும்பப் பெற இயலாத ஒன்று. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடுக்கிறது. தவறான வழியில் செலுத்தும் விளம்பரங்களின்மேல் நடவடிக்கைக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி வகுத்துள்ளது.

கண்ணுக்குப் புலப்படாத அபாயம்

உண்மையான அபாயங்களைக் கம்பிச் சோதனை காட்டுவதே இல்லை. வயிற்றுப்போக்கை விளைவிக்கும் கிருமிகள் நீருக்கு நிறம் தருவதில்லை. நளகொண்டாப் பகுதியில் எலும்பையும் பல்லையும் பாதித்த புளோரைடும், மேற்கு வங்கத்தில் தோலைப் பாதித்த ஆர்சனிக்கும் தெளிந்த நீரிலேயே இருந்தன. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; ஆனால் புளோரைடும் ஆர்சனிக்கும் நைட்ரேட்டும் நீங்கா.

ஆகவே, “என் வீட்டு நீர் நல்லதா?” என்று ஒருவர் கேட்டால், ஊழியர் வெறும் தேறுதல் கூறி அனுப்பலாகாது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் கிராமங்களுக்கு வழங்கப்பட்ட சோதனைப் பெட்டியால் நீரைப் பரிசோதிக்கலாம். கிருமிச் சோதனைக் குப்பியில் நீர் கறுத்தால், மாசு கலந்திருக்கலாம் என்று கொண்டு கொதிக்கவைத்தோ குளோரின் இட்டோ பருகச் சொல்லலாம். ஐயம் எஞ்சினால் நீரைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்புக. அச்சத்தால் கேட்ட கேள்விக்கு அளவால் விடை தருவதே நம் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. உப்பிட்ட வடித்த நீர் பழுப்பானது ஏன்?
2. மீட்டரில் குறைந்த எண் காட்டும் நீரில் கிருமிகள் இருக்கக்கூடுமா? காரணம் கூறுக.
3. உமது ஊர்க் குடிநீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? அதன் முடிவை விசாரித்து எழுதுக.