புலத்திற்கு ஒரு வாயில்

பினாங்குக் கொடிமலைக்கு 1923ஆம் ஆண்டு முதல் மலை இரயில் ஓடுகிறது. ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்தில், வாயிலைக் கடந்தே பெட்டியில் ஏற வேண்டும்.

இந்த இரயிலுக்கு ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'பெட்டி' என்னும் வகுப்பில் 'பயணிகள்' என்னும் புலம் இருக்கிறது. அதனைத் திறந்து வைத்தால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் அதில் -5 என்று எழுதிவிடலாம். கணினி மறுக்காது, அதற்கு அது வெறும் முழு எண். 100 பேர் கொள்ளும் பெட்டியில் 130 என்று பதிந்தாலும் ஏற்றுக்கொள்ளும். பிறகு, தவறு எங்கே நுழைந்தது என்று நிரல் முழுவதையும் துருவ வேண்டும்.

உள்விவரங்களை மறைத்து வைப்பதன் பயனை டேவிட் பார்னாஸ் 1972இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பாயான் லெப்பாசில் இன்டெல் ஆலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்!

சி ஷார்ப் மொழியில் புலத்தைப் 'பிரைவேட்' என மறைத்து, அதன் முன் 'பண்பு' என்னும் வாயிலை அமைப்பர். அதன் 'கெட்' பகுதி மதிப்பைப் படித்துத் தரும். 'செட்' பகுதி, வரும் மதிப்பு 0 முதல் 100 வரை உள்ளதா எனச் சோதித்த பின்னரே உள்ளே விடும். பெட்டியின் வரிசை எண்ணுக்குக் கெட் மட்டும் போதும். அதனை யாரும் மாற்றத் தேவையில்லையே. சோதனை எதுவுமின்றிச் செட் எழுதுவோரும் உண்டு. அது காவலாளி இல்லாத வாயில்தான். ஆயினும், காவலாளியைப் பின்னர் நிறுத்திக்கொள்ளலாம்.

கொடிமலைக்கு 2011இல் புதிய பெட்டிகள் வந்தன. அவ்வாறு கொள்ளளவு மாறும்போது, செட் பகுதியில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.