வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு நாள்

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று வேர்க்க வேண்டாம். வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டைக்கு ரயில் ஏறுங்கள். இடப்பக்க ஜன்னல் முழுக்கக் கடல்தான். அலுவலக நேரம் மட்டும் ஆகாது, தொங்கிக்கொண்டு போக நேரும்.

கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு முதலில் போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய கோயில். தூண்களுக்கென்றே அரைமணி நேரம் ஒதுக்கலாம். தோள் மூடிய உடை அவசியம். கிட்டவே கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம். செவ்வாயில் சனம் அலைமோதும், வேறு நாள் பாருங்கள்.

திரும்பும் வழியில் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடித்தது. வெயில் தாழ்ந்த பிறகு காலிமுகத்திடல். இறால் வடையைச் சுடச்சுடப் பொரிக்கும் வண்டியில் மட்டும் வாங்குங்கள்.