பௌத்தப் பள்ளியிற் கற்பிக்க வேண்டுவன யாவை?

நாம் ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்துவோமாயின் அதிற் கற்பிக்க வேண்டுவன யாவை என்னும் வினா உபாசகர் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. “பிள்ளை முதலில் தேர்வில் தேறட்டும், தம்மத்தை வீட்டிற் சொல்லிக் கொள்ளலாம்” என்பர் ஒரு சாரார். “கணக்கும் விஞ்ஞானமும் ஊர்ப் பள்ளியிலேயே கிடைக்குமே, தம்மத்திற்கன்றோ தனிப்பள்ளி வேண்டும்?” என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதே பிழை என்பது என் துணிபு.

மகாமங்கல சுத்தத்திற் பகவர் மங்கலங்களை எண்ணிச் செல்லுமிடத்து, பரந்த கல்வி, கைத்தொழில், நன்கு பயின்ற ஒழுக்கம், நல்ல சொல் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்தருளினார். கைத்தொழில் கல்விக்குக் கீழே வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க. நெய்பவனையும் தோல் பதனிடுபவனையும் கல்விக்குப் புறம்பானவன் என்று தள்ளிய நாட்டில் இது சிறிய செய்தியன்று. சிகாலோவாத சுத்தமோ, மாணாக்கனுக்கு எல்லாக் கலைகளையும் ஒளிக்காமற் கற்பிப்பதை ஆசிரியன் கடமைகளுள் ஒன்றாக விதிக்கின்றது. நம் பாட்டனார்க்கு எக்கதவுகள் சாத்தப்பட்டன என்பதை அறிந்தோர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இதனை நடத்திக் காட்டிய பள்ளி ஒன்றுண்டு. இலங்கையில் அக்காலத்து ஆங்கிலக் கல்விக்குப் பெரும்பாலும் பாதிரிமார் பள்ளிகளே வாயிலாய் இருந்தன. 1880-இல் அங்குச் சென்று பஞ்சசீலம் ஏற்ற கர்னல் ஆல்காட்டும் அவரைச் சார்ந்த பௌத்தர்களும் கூடி முயன்றதன் பயனாக, 1886 நவம்பரில் கொழும்புப் புறக்கோட்டையில் 37 மாணவர்களுடன் ஓர் ஆங்கிலப் பள்ளி தோன்றியது. 1895-இல் மருதானைக்குப் பெயர்ந்து ஆனந்தாக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. (இவ்வால்காட்டே 1894-இல் சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகட்கு இலவசப் பள்ளி திறந்தவர், 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பிற் சீலம் பெறத் துணைநின்றவரும் அவரே.) ஆனந்தாவின் ஆசிரியர்கள் தேர்வுப் பாடங்களைக் குறைத்துச் சமயத்தைப் புகுத்தவில்லை. பிறர் பள்ளி மாணவர் எழுதிய தேர்வையே தம் மாணவரும் எழுதி வெல்ல வேண்டும் என்று முனைந்தனர். 1961-இல் அரசு அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. இன்று அஃது அரசுப் பள்ளி. எனினும் அதன் குறிச்சொல் தம்மபதத்தினின்று எடுத்த அப்பமாதம் என்பதே. திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தாரே, அதுதான். நூற்புப் பொறியின் முன் நின்றவர்க்கு இச்சொல் நன்கு விளங்கும். ஒரு கணம் கண் அயர்ந்தால் இழை அறும். அறுந்ததை உடனே பிணைக்காவிடின் கதிர் வெறிதே சுழலும்.

அங்ஙனமாயின் ஒழுக்கத்தை எந்த வகுப்பிற் கற்பிப்பது? வாரத்தில் ஒரு மணி ஒதுக்கிச் சீலங்களை ஒப்புவிக்கச் செய்தல் போதாது. மச்சிம நிகாயத்திற் பகவர் தம் மைந்தர் இராகுலருக்குச் செய்த உபதேசத்தைப் பாருங்கள். இராகுலருக்கு அப்போது வயது ஏழு என்பர் உரைகாரர். பகவர் கால் கழுவிய நீரிற் சிறிது கலத்தில் மிச்சம் வைத்துக் காட்டினார். அதனையும் கொட்டிக் காட்டினார். கலத்தைக் கவிழ்த்துக் காட்டினார். மீண்டும் நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். நாணமின்றிப் பொய்யுரைப்பவனின் துறவு இத்தகையது என்றார். பின்னர்க் கண்ணாடி எதற்கென வினவி, எச்செயலையும் செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும், தனக்கோ பிறர்க்கோ தீங்காகுமோ என நோக்கப் பணித்தார். கையிலிருந்த கலமே பாடநூலாயிற்று.

நம் பள்ளியிலும் அவ்வாறே ஆகலாம். ஆய்வுக்கூடத்தில் தராசு காட்டிய எடையை எழுதாது, புத்தகத்தில் உள்ள எடையை எழுதி மதிப்பெண் பெறும் சிறுவன் நான்காம் சீலத்தை அங்கேதான் இழக்கின்றான். தம்ம வகுப்பு ஆசிரியருக்கு அது தெரியவும் வராது. விஞ்ஞான ஆசிரியரே அதைக் கண்டு திருத்த வல்லவர். ஆகலின் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்குங்கால் பட்டத்தை மட்டும் பார்த்து அமைதல் ஆகாது.

நம் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையம் நிறுவி நடத்த உரிமை தருகின்றது. மத்திய அரசு 1993-இல் வெளியிட்ட அறிவிப்பிற் பௌத்தரும் சிறுபான்மையினராகச் சேர்க்கப்பெற்றனர். அரசு ஏற்பு பெற்ற பள்ளியில், பெற்றோர் இசைவின்றி எச்சிறுவனையும் சமய போதனையில் அமர்த்தலாகாது என்பது 28-ஆம் பிரிவு. சிலர் இதனைத் தடையாக எண்ணுகின்றனர். கேட்டதனாலேயே நம்பிவிடாதீர் என்று காலாமருக்கு உரைத்தவர் வழிவந்த நாம், சட்டம் இல்லாவிடினும் அந்த இசைவைக் கேட்டிருக்க வேண்டியவரே. வேற்றுச் சமயப் பிள்ளை நம் பள்ளிக்கு வந்தால், தம்ம வகுப்பு நடக்கும் நேரத்தில் அவன் நூலகத்திலோ தறிக்கூடத்திலோ இருக்க இடம் வைத்தே கால அட்டவணையை எழுதுக.