வெயிலும் நோயும்: ஆராயப் புகும் இளைஞர் எங்கே பயிலலாம்?

சீதோஷ்ண மாறுதலால் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு விளையும் கேடுகளை ஆராயவேண்டும் என்ற ஆவலோடு பட்டப்படிப்பை முடித்து வரும் இளைஞர்களும், அவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும், எந்தப் படிப்பில் சேர்வது என்று தெரியாமல் திகைப்பது இயற்கையே. ஏனெனில் இத்துறைக்குள் புகுவதற்கு ஒரே வாசல் என்பது கிடையாது. தொற்றுநோயியல், பூச்சியியல், தொழிலாளர் சுகாதாரம், வானிலை விஞ்ஞானம் ஆகிய நான்கும் வெவ்வேறு சுபாவமுள்ளவர்களுக்கு உகந்த வழிகள். எதைத் தேர்ந்தாலும், நாம் கணக்கிடப்போகும் எண்கள் எந்த இடத்தில், யார் கையால், எவ்விதம் பதிவாகின்றன என்பதை நேரில் காட்டிக் கற்பிக்கும் நிலையத்தையே முதலில் நாடவேண்டும். கணிப்பொறியின் முன் அமர்ந்து வருங்காலத்தைக் கணிக்கும் வித்தையை அதற்குப் பின்னரே பயிலவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆமதாபாத்தில் நடந்ததைப் பார்த்தால் இதற்குக் காரணம் விளங்கும். 2010 மே மாதத்தில் அந்நகரில் உஷ்ணம் 46.8 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. வெயிலில் சுருண்டு விழுந்த ஒரு முதியவரின் மரணம் பெரும்பாலும் மாரடைப்பு என்றோ வயோதிகம் என்றோதான் ஏட்டில் ஏறுமாதலால், வெப்பத்தால் இறந்தார் என்று வைத்தியர் எழுதிக்கொடுத்த சான்றுகளை மட்டும் எண்ணியிருந்தால் சேதம் சொற்பமாகவே தோன்றியிருக்கும். ஆராய்ச்சியாளர்களோ, காரணம் எதுவாயினும் சரி என்று அம்மாதத்தில் பதிவான எல்லா மரணங்களையும் எண்ணி, 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டார்கள். 1,344 மரணங்கள் அதிகப்படியாக நேர்ந்திருந்தது புலனாயிற்று. 2013-இல் அந்நகரம் தெற்கு ஆசியாவிலேயே முதன்முறையாக ஒரு வெப்ப எச்சரிக்கைத் திட்டத்தை வகுத்ததற்கு அடிப்படையாக நின்றவற்றுள் மரணப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த இந்தத் திறமையும் ஒன்று.

இத்திறமையை முறையாகக் கற்க விரும்புவோர்க்குத் தொற்றுநோயியலே ராஜபாட்டை. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்திலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையத்திலும் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு உண்டு. வைத்தியப் பட்டம் பெற்றவர்களுக்கும், மனிதர்களோடு பழகுவதில் அலுப்பில்லாதவர்களுக்கும், அரசாங்கச் சுகாதாரத் துறையில் உத்தியோகம் பார்க்க எண்ணுவோர்க்கும் இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். ஆயினும் நோயாளிகளைப் பற்றிய ஞானம் வளரும் அளவுக்குக் காற்றையும் மழையையும் பற்றிய ஞானம் இங்கே வளராது. அக்குறையை மாணவர் தாமே முயன்று நிரப்பிக்கொள்ளவேண்டும்.

விலங்கியல் படித்தவர்கள் புதுச்சேரியை நினைக்கலாம். அங்கே 1975 முதல் இயங்கும் வி.சி.ஆர்.சி. என்ற மத்திய நிறுவனத்தில், நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய முதுகலைப் படிப்பு நடைபெறுகிறது. சீதோஷ்ணத்துக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தம் இத்துறையில் துலக்கமாகத் தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை. கொடிய வகை மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் முதிர்வதற்கு, 16 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் நாள்தோறும் சேர்ந்து 111 என்ற கூட்டுத்தொகையை எட்டவேண்டும் என்பது பழைய கணக்கு; அதன்படி சராசரி உஷ்ணம் 20 டிகிரியாக உள்ள ஊரில் ஏறக்குறைய 28 நாளும், 25 டிகிரியாக உள்ள ஊரில் ஏறக்குறைய 12 நாளும் பிடிக்கும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் ஆகையால், இதுவரை மலேரியா அண்டாத ஒரு மலையூரில் அது நிலைகொள்ளுமா கொள்ளாதா என்பதை இந்தச் சில டிகிரி வித்தியாசம் நிர்ணயித்துவிடக்கூடும். ஆனால் எந்த உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுவது? வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் வெட்டவெளியில் நிற்கிறது. கொசுவோ மாட்டுக்கொட்டிலின் சுவரிலும், கட்டிலுக்கு அடியிலும், கிணற்றின் உட்புறத்திலும் ஒதுங்கியிருக்கிறது. அந்தி வேளையில் கையில் டார்ச்சு விளக்கும் வாயில் உறிஞ்சுகுழாயுமாகக் கொட்டிலுக்குள் நின்று கொசு பிடித்த மாணவனுக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் மறக்காது. பூச்சியைக் கண்டு அருவருப்படைகிறவர்களும் அதிகச் சம்பளத்தை எதிர்பார்க்கிறவர்களும் இவ்வழியை விட்டுவிடுவதே நலம்.

தொழிலாளர் சுகாதாரம் என்பது ரசாயனமும் பொறியியலும் படித்தவர்களுக்கும் கைகொடுக்கும் துறை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதுமான அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். உப்பளத் தொழிலாளர்களையும் அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே கையாளப்படும் வெப்ப அளவை மூன்று தெர்மாமீட்டர்களின் கூட்டுறவால் ஆனது: ஈரத்துணி சுற்றியதற்குப் பத்தில் ஏழு பங்கும், கருநிறக் கோளத்துக்குள் வைத்ததற்கு இரண்டு பங்கும், சாதாரணமானதற்கு ஒரு பங்கும் மதிப்பு. வியர்வை உலர்வதே உடலைக் காப்பதால் ஈரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம். கருவியைப் படிக்கச் சில தினங்களில் பழகிவிடலாம். ஆனால் வேலைத்தலத்தில் கழிப்பிடம் இல்லாமையால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள் என்ற உண்மையை எந்தக் கருவியும் சொல்லாது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் நம்பிக்கையைப் பெற்றுக் கேட்டால்தான் தெரியவரும். அநீதியைக் கண்டு மனம் பதைக்கும் இளைஞர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

பௌதிகத்திலும் கணிதத்திலும் நாட்டமுள்ளவர்கள் புணேயில் 1962 முதல் இருந்துவரும் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களை நாடுவார்கள். விஞ்ஞானச் சிறப்பில் அது எதற்கும் குறைந்ததன்று. ஆனால் அங்கிருந்து நேரே நோய்களின் ஆராய்ச்சிக்கு வருகிறவர், வரைபடத்தில் பல மைல் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கு ஒரே உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குள் ஓட்டுவீடும் தகரக்கொட்டகையும் மாடிவீடும் இருப்பதை எண்ணாமல் விட்டுவிடும் அபாயம் உண்டு; ஆகவே இதை இரண்டாவது பயிற்சியாகக் கொள்வது மேல்.

கோடை விடுமுறையில் நடக்கும் சில தினப் பயிற்சிகள் ருசி பார்க்க உதவும்; தேர்ச்சி தரமாட்டா.

சேருமுன் நிலையத்துக்கு நேரில் போய், அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் விசாரிப்பது அவசியம். இரண்டு வருஷத்தில் எத்தனை மாதம் களத்தில் கழித்தார்கள், ஆராய்ச்சிக்கான விவரங்களைத் தாமே சேகரித்தார்களா அல்லது பிறர் சேகரித்ததை வாங்கினார்களா, சந்தேகம் கேட்க ஒரு புள்ளியியல் ஆசிரியர் பக்கத்தில் இருந்தாரா, உதவித்தொகை மாதந்தோறும் கைக்கு வந்ததா என்றெல்லாம் கூச்சமின்றிக் கேட்கலாம். பணவசதி இல்லாதவர்கள் உடனே கடன் வாங்கிச் சேரவேண்டும் என்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் ஏதேனும் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் கள உதவியாளராக ஓராண்டு வேலை பார்த்து, வீடுவீடாகச் சென்று, அனுமதி பெற்று, படிவம் நிரப்பிப் பழகியவர்கள், சிறிது ஊதியத்தோடு நான்கு வழிகளில் தமக்கு ஏற்றது எது என்பதையும் அறிந்துகொண்டு, மறு வருஷம் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.