பம்ப்செட் கையும் நீச்சல் குளமும்

பச்சைமலை அடிவாரத்தில், துறையூர் பக்கம், ஒரு தோப்பு வீட்டில் குழி தோண்டி முடித்திருந்தார்கள். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் நீச்சல் குளம் தயாராக வேண்டும் என்பது வீட்டுக்காரரின் அவசரம். குழாய் வேலைக்கு வந்தவர் சுற்றுவட்டாரத்தில் போர் மோட்டார் இறக்குவதில் பேர்போனவர். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து ஏக்கருக்குத் தண்ணி பாய்ச்சுற லைனே போட்டிருக்கோம் சார். இது தொட்டிதானே!"

அந்தத் 'தொட்டிதானே'யில்தான் கோளாறு. அவர் கைத்தொழிலில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. குழாயைக் கண்ணால் அளந்தே வெட்டுகிறவர். ஆனால் வயலுக்குப் போகும் தண்ணீர் ஒரு தடவை போனால் போனதுதான். குளத்துத் தண்ணீர் அப்படியில்லை. அதே 38,400 லிட்டர் தினமும் உறிஞ்சப்பட்டு, வடிகட்டப்பட்டு, மருந்து கலந்து, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். வியர்வை, தலையெண்ணெய், வேப்பிலைச் சருகு, குளோரின் எல்லாம் அதோடு சேர்ந்து சுற்றும். அனுப்பி வைக்கிற குழாய்க்கும் திரும்ப அழைத்து வருகிற குழாய்க்கும் இலக்கணம் வேறு. நம் ஊரில் நீச்சல் குளத்தைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் முக்கால்வாசி பம்ப்செட்டில் கற்ற பாடங்கள்.

"மோட்டார் பெருசா இருந்தா தண்ணி பளிச்சுன்னு இருக்கும்"

தோட்டத்தில் சும்மா கிடக்கும் 5 எச்பி மோட்டாரை மாட்டிவிடலாம் என்பதுதான் முதல் யோசனையாக வரும். கணக்கைப் பாருங்கள். வீட்டுக் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வந்தால் போதும். 38,400 லிட்டரை ஆறால் வகுத்தால் மணிக்கு 6,400 லிட்டர். வடிகட்டியின் தடையையும் குழாய் உரசலையும் சேர்த்து 12 மீட்டர் உயரத்துக்குத் தள்ளுவதாக வைத்துக்கொண்டாலும் முக்கால் எச்பி பம்பு இந்த வேலையைச் செய்துவிடும்.

மிச்ச நாலேகால் எச்பி கெடுதல்தான் செய்யும். மணல் வடிகட்டி என்பது நிதானமாக வேலை செய்யும் பாத்திரம். ஒரு சதுர மீட்டர் மணல் பரப்புக்கு மணிக்கு 40 கன மீட்டர் என்ற அளவில் ஓடினால் அழுக்கு மணலில் தங்கும். நம் குளத்துக்கு 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வடிகட்டி சரியாக இருக்கும். அதற்குள் 5 எச்பியைத் திருப்பிவிட்டால் அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு மறுபடி குளத்துக்கே வந்து சேரும். கலங்கலைப் பார்த்துவிட்டு இன்னும் பெரிய மோட்டாரைத் தேடுவார்கள்.

வேளாண்மைக்கு வாங்கிய இலவச மின் இணைப்பில் இதை ஓட்டலாம் என்று காதில் கிசுகிசுப்பவர்களும் உண்டு. கொடுத்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். அபராதம் கட்டியபின் குளிக்கும் தண்ணீர் அவ்வளவு குளுமையாக இராது.

"அடியில ஒரே ஓட்டை போதும், பெருசாப் போட்டுடலாம்"

இந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மற்றவை பணத்தைத் தின்னும். இது உயிரைத் தின்னும்.

குளத்தின் அடியில் ஒரே உறிஞ்சு துளை, அது நேராகப் பம்புக்குப் போகிறது என்று வையுங்கள். ஒரு குழந்தை முக்குளித்து அதன் மேல் உட்கார்ந்தால் துளை அடைபடும். பம்பு விடாமல் இழுக்கும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ அழுத்த வித்தியாசம் ஏற்பட்டாலே பிடிப்பு 90 கிலோவைத் தாண்டும். மேலே நிற்கும் அப்பா குதித்து இழுத்தாலும் வராது. இன்னும் பெரிய துளை, இன்னும் பெரிய மோட்டார் என்றால் பிடியும் பெரிது.

2002 ஜூனில் அமெரிக்காவில் இப்படித்தான் நடந்தது. ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர், வெந்நீர்த் தொட்டி ஒன்றின் அடித்துளையில் சிக்கி மூழ்கி இறந்தாள். அந்நாட்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். தாய் நான்சி பேக்கர் விடாமல் போராடியதில் 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பொதுக் குளங்களில் ஆளை இழுத்துப் பிடிக்காத மூடி கட்டாயமாயிற்று.

செய்ய வேண்டியது எளிது. ஒன்றுக்குப் பதில் இரண்டு துளை, இடையில் குறைந்தது மூன்றடி. இரண்டையும் நடுவில் ஒரு 'டீ' வைத்து இணைத்து, அந்த டீயிலிருந்து பம்புக்குக் குழாய். ஒன்று அடைபட்டால் தண்ணீர் மற்றதன் வழியே வரும், பிடி விழாது. இரண்டுக்கும் தனித்தனி வால்வு போட வேண்டாம். யாரோ ஒருநாள் ஒன்றை மூடிவிட்டால் பழைய கதைதான். மூடி தட்டையான சல்லடையாக இல்லாமல் குவிந்து, பக்கவாட்டில் தண்ணீர் எடுப்பதாக இருக்க வேண்டும். கடையில் 'ஆன்ட்டி வோர்டெக்ஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். திருகாணி ஒன்று கழன்றிருந்தாலும் அன்றைக்குக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. தரையைச் சுத்தம் செய்யும் குழாயை மாட்டச் சுவரில் உள்ள வேக்குவம் துளைக்குத் தானாக மூடிக்கொள்ளும் மூடி வேண்டும். பம்பு சுவிட்சும் குளத்தருகே, ஓடிப்போய் அணைக்கிற தூரத்தில் இருக்கட்டும். மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகும் வழக்கம் இங்கே உதவாது.

"பைப் சைஸ்ல என்ன இருக்கு?"

காசு இருக்கிறது. வாங்கும்போது மிச்சம் பிடிப்பதை மின் கட்டணத்தில் கட்ட வேண்டியிருக்கும். மணிக்கு 6,400 லிட்டரை ஒண்ணேகால் இஞ்ச் குழாயில் விட்டால் வேகம் நொடிக்கு ஒன்றேமுக்கால் மீட்டர் அளவுக்குப் போகும். உறிஞ்சும் பக்கத்தில் ஒன்றரை மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதே தண்ணீர் இரண்டு இஞ்ச் குழாயில் முக்கால் மீட்டருக்கும் குறைவாக நகரும். உரசல் இழப்போ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். உறிஞ்சும் பக்கம் இரண்டு இஞ்ச், திரும்பி வரும் பக்கம் ஒன்றரை என்று போட்டாலே இந்தக் குளத்துக்குத் தாராளம். பம்பின் வாயில் எல்போவை ஒட்ட வைக்காமல் ஓர் அடியாவது நேர்க்குழாய் விட்டால் பம்பு கரகரக்காது.

"நாலு கிலோ பைப் போதும்"

நம் கடைகளில் பிவிசி குழாயைக் கிலோ கணக்கில்தான் கேட்பார்கள்: நாலு கிலோ, ஆறு கிலோ, பத்து கிலோ. அது குழாயின் எடை இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் அது தாங்கும் அழுத்தம். ஐஎஸ் 4985 தரத்தில் இரண்டாம் வகுப்பு என்றால் 4 கிலோ, மூன்றாம் வகுப்பு 6, ஐந்தாம் வகுப்பு 10. குளத்தின் வடிகட்டியிலுள்ள அழுத்தமானியின் முள் ஒன்றரை கிலோவைத் தாண்டுவது அபூர்வம் என்பதால், நாலு கிலோ குழாய் போதும் என்ற வாதம் சமதளத்தில் ஓரளவு நிற்கும்.

மலையடிவாரத்தில் நிற்காது. மேலேயுள்ள ஓடையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ குழாய் வைத்துத் தண்ணீரைத் தானாக இறக்குவது இங்கே வழக்கம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். தொட்டி 60 மீட்டர் மேலே இருந்தால், கீழே வால்வை மூடிய மாத்திரத்தில் குழாயில் ஆறு கிலோ நிற்கும். வால்வைப் படக்கென்று மூடினால் அதற்கும் மேலே ஒரு குத்து விழும். போதாக்குறைக்கு, தரத்தில் சொன்ன அழுத்தம் 27 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை வெயிலில் பாறைமேல் கிடக்கும் குழாய் அதைவிட எவ்வளவோ சூடாகும், அந்த அளவுக்குப் பலமும் குறையும். நீளவும் செய்யும்: 30 டிகிரி ஏறினால் பத்து மீட்டர் குழாய் இரண்டு சென்டிமீட்டர் வளரும். இரண்டு முனையையும் சிமென்ட்டில் இறுக்கிவிட்டால், வளர இடமில்லாமல் எல்போவில் போய் விரிசல் விடும். குழாயை மண்ணில் புதைத்து, பத்து கிலோ ரகம் போட்டுவிடுவதுதான் நிம்மதி.

"தீயில வாட்டினா சாக்கெட் ஆச்சு"

கப்ளிங் தீர்ந்துபோனால் நம் ஆட்களின் கை தானாகத் தென்னை மட்டையைத் தேடும். நெருப்பில் குழாய் முனையை வாட்டி, இளகியதும் இன்னொரு குழாயை உள்ளே சொருகி, ஈரத்துணியால் பிடித்துவிடுவார்கள். பார்க்க அழகான வித்தைதான், எனக்கும் சின்ன வயதில் அதை வேடிக்கை பார்ப்பது பிடிக்கும். வாய்க்காலோரத்தில் அந்த இணைப்பு கசிந்தால் பக்கத்துக் கோரைப்புல் குடித்துக்கொள்ளும். குளத்துக் குழாயோ கான்கிரீட்டுக்கும் டைலுக்கும் அடியில் கிடக்கிறது. விரிந்த இடத்தில் குழாய்ச் சுவர் மெலியும், ஒரு பக்கம் கருகும், உள்வட்டம் கோணும். பசைக்குச் சரியான பிடிமானம் கிடைக்காது. கருகும் பிவிசி விடும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது என்பது வாட்டுபவரின் தொண்டைக்கே தெரியும்.

'சொல்யூஷன்' என்று நாம் கூப்பிடுவது ஒட்டும் பசையே இல்லை. அது பிவிசியைக் கரைத்து இரண்டு பரப்பையும் ஒன்றாக உருக்குகிறது. அதனால்தான் ஈரமும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆகாது. தடவி, கால் திருகு திருகிச் சொருகி, அரை நிமிடமாவது பின்வாங்காமல் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் விட ஒரு நாள் பொறுங்கள். கசிந்த இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றுகிற வைத்தியம் கான்கிரீட்டுக்கு அடியில் எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"கொள்ளிடத்து மணலை விட நல்ல வடிகட்டி உண்டா?"

திருச்சிக்காரர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை. கம்பரசம்பேட்டையில் ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து ஊருக்கே குடிநீர் வருகிறது. மணல் வடிகட்டிக் கொடுத்த தண்ணீர். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆற்று மணல் அவசரப்படுவதில்லை. நகராட்சிகள் பழைய காலத்தில் கட்டிய மெதுவடிகட்டித் தொட்டிகளில்கூடத் தண்ணீர் மணிக்கு 10, 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். குளத்து வடிகட்டியிலோ மணிக்கு 40 மீட்டர், அதாவது 200 மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் வண்டலும் பொடியும் கலந்த ஆற்று மணல், அடியிலிருக்கும் கிளைக்குழாய்களின் கீறல்களை அடைக்கும், அல்லது அவற்றின் வழியே நழுவிக் குளத்தின் தரையில் போய்ப் படியும். 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் சலித்த சிலிக்கா மணலை மூட்டையாக வாங்கிப் போடுங்கள். கொள்ளிடத்து மணல் கொள்ளிடத்திலேயே இருக்கட்டும், அங்கேயே அது போதாமல்தான் இருக்கிறது.

சின்னச் சின்ன நம்பிக்கைகள் இன்னும் சில. ஜிஐ குழாய் 'கெட்டி' என்பார்கள். குளோரின் தண்ணீரில் அது துருவாகக் கரைந்து தரையில் காவிக் கறை போடும். 'ஸ்டீல் துருப்பிடிக்காது' என்பார்கள். பாத்திரக் கடை 304 ரகம் புள்ளி புள்ளியாக அரிக்கும், ஏணிக்கும் கைப்பிடிக்கும் 316 கேளுங்கள். கேட் வால்வைத் திருப்புவதுபோல் வடிகட்டியின் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை மோட்டார் ஓடும்போதே திருப்புவார்கள். உள்ளே ஆரம் ஆரமாக இருக்கும் ரப்பர் பிய்ந்துவிடும், பிறகு வடிகட்டாத தண்ணீரே சுற்றும். முதலில் மோட்டாரை அணைக்க வேண்டும். கிணற்று மோனோபிளாக்கை அப்படியே மேட்டில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தானாகக் காற்றை வெளியேற்றித் தண்ணீர் பிடிக்கும் ரகம் இல்லை. மலைமேல் 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு. உறிஞ்சும் உயரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டரை இழந்துவிடுவீர்கள். பம்பைக் குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

அந்தத் தோப்பு வீட்டில் கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு சோதனை வைத்தோம். வடிகட்டியைக் கழற்றிவிட்டு, குழாய் முனைகளை அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் மூன்று கிலோ ஏற்றி விட்டோம். "காத்து அடிச்சுப் பாத்தா சீக்கிரம் முடிஞ்சிரும் சார்" என்றார் குழாய் வேலைக்காரர். கம்ப்ரசர் காற்றில் பிவிசி உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும் என்று சொல்லித் தண்ணீரிலேயே நிறுத்தினேன். காலையில் முள் ஒன்றரையில் இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தடவிக்கொண்டே போனார். மேற்கு மூலையில் நின்றார். கப்ளிங் தீர்ந்துபோன முந்தின மாலையில் வாட்டிச் சொருகிய இணைப்பு அது. என்னைப் பார்க்காமல் ரம்பத்தை எடுத்துவரச் சொல்லிப் பையனை அனுப்பினார்.