“இல்லை” என்று சொல்லிவிட்டேன்

“இதுக்கு முன்னாடி கண்ணுல ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கீங்களாம்மா?”

கண்புரைக்காகப் போன இடத்தில் படிவம் நிரப்பிய பெண் கேட்டாள். “இல்லை” என்றேன். என் வலது கண்ணைக் கெடுத்தது அந்தப் பதில்தான்.

2001-ல் லேசிக் செய்துகொண்டவள் நான். மைனஸ் 7. கொஞ்ச நேரத்தில் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கண்ணாடியைத் தேடாமலே காலண்டரில் தேதி பார்த்தேன். தையல் கிடையாது. அதனால் அது ‘லேசர்’ என்றே மனதில் தங்கிவிட்டது. ஆபரேஷன் என்று தோன்றவேயில்லை. உண்மையில் அன்று கருவிழியின் மேல்படலத்தைப் பிளேடால் சீவித் தூக்கிவிட்டுத்தான் உள்ளே லேசர் போட்டார்கள்.

மைனஸுக்குச் செய்யும் லேசிக், கருவிழியின் முன்பக்கத்தைத் தட்டையாக்குகிறது. புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்த முன்பக்க வளைவையும் அளக்கிறார்கள். வழக்கமான கணக்கு, யாரும் தொடாத கருவிழிக்கானது. என்னைப் போன்றவர்களுக்கும் அதையே போட்டால், தேவையைவிடக் குறைந்த பவரில் லென்ஸ் அமைந்துவிடும். எனக்கு அமைந்தது. பள்ளி நாளிலிருந்து மைனஸாக இருந்தவள் பிளஸ் 2 ஆனேன். தூரமும் மங்கல், பக்கமும் மங்கல்.

“முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்று, பிறகு கருவியில் என் கண்ணைப் பார்த்த டாக்டர் கோபித்துக்கொண்டார். சொல்லாதது என் தப்பு. ஆனால், ‘கண்ணாடியை எடுக்க லேசர் பண்ணீங்களா’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! ஆபரேஷனுக்கு முன்பும் அதே கருவியில் என் கண்ணைப் பார்த்தவர்தானே அவர்?

லேசிக் செய்த கண்களுக்கென்றே இப்போது தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. இடது கண்ணுக்கு வேறிடத்தில் அப்படிக் கணக்கிட்டார்கள், சரியாக வந்தது. பழைய அளவுகள் இருந்தால் நல்லது என்றார்கள். என் ஃபைலோ, வீடு மாறியபோது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. நீங்களும் லேசிக் செய்தவர் என்றால், உங்களுடையதை இன்றே தேடி எடுங்கள். லேசருக்கு முந்தைய பவர், கருவிழியின் வளைவு, தடிமன் மூன்றும் அதில் இருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள்.

“அப்பவே வேண்டாம்னேன்” என்கிறார் நாத்தனார். இருபது வருஷத்துக்கு மேல் வெறுங்கண்ணால் பஸ் நம்பர் படித்தேன். லேசிக் செய்ததற்கு நான் வருந்தவில்லை.

கண்ணாடி போனாலும் மைனஸ் கண்ணின் கூடுதல் நீளம் மாறாது; விழித்திரைக்கான ஆபத்தும் அப்படியே இருக்கும். விழித்திரையைத் தவறாமல் காட்டுங்கள். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசிக்கைச் சொல்லுங்கள். மெலிந்த கருவிழியில் அழுத்தம் குறைவாகக் காட்டும். என் அம்மாவுக்குக் கண் அழுத்த நோயான கிளாக்கோமா இருந்தது. அதனால் நான் கருவியில் முகவாயை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.