லாரி வாடகைக்குள் இருக்கும் சாலை வரிகள்

"கொள்முதல் விலை ஏறவில்லை; மூட்டை நம் கடையில் இறங்கும்போது மட்டும் அடக்கம் கூடிவிடுகிறதே!" என்று மளிகை வணிகர்கள் பலர் குறைப்படுகிறோம். லாரி ஆபீசில் கேட்டால் "டாக்ஸ் ஏறிவிட்டது" என்று ஒரே பதில். எந்த வரி, கிலோவுக்கு எத்தனை காசு என்று நாம் தெரிந்து வைத்திருந்தால்தான் நியாயமான உயர்வைக் கொடுக்கவும், நியாயமற்றதை மறுக்கவும் முடியும்.

1. மாநில வாகன வரி

வாகனங்களுக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநிலங்களுக்கு உரியது. நம் மாநிலத்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி லாரிகளுக்கு வரி விதிக்கப்படுகிறது. பாரத்துடன் சேர்ந்த மொத்த எடையை வைத்து, காலாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். லாரி ஓடினாலும், பாரம் கிடைக்காமல் நின்றாலும் தொகை ஒன்றே.

2. நேஷனல் பர்மிட்

முன்பு வெளி மாநிலம் செல்லும் லாரிகள் மாநிலவாரியாகக் கூட்டுக் கட்டணம் கட்டின. 2010-இல் அது ஒரே கட்டணமாக்கப்பட்டது. 2012 முதல் ஆண்டுக்கு ரூ.16,500. இத்தொகை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. சொந்த மாநில வரி இதற்கு மேல் தனி.

3. சுங்கச்சாவடிக் கட்டணம்

இது நடைக்கு நடை கட்டுவது. அச்சுகளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. தேசிய நெடுஞ்சாலைகளில் வழக்கமாக ஏப்ரலில் மாற்றி அமைக்கப்படும். ஒரு சாவடியை 24 மணி நேரத்திற்குள் திரும்பக் கடந்தால், போக வர சேர்த்து ஒன்றரை மடங்குதான். ஆகவே பக்கத்து ஊர் லாரியை இறக்காமல் நாம் காக்க வைத்தால், அந்தச் சலுகை போய்விடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

குல்பர்காவிலிருந்து 11 டன் துவரம்பருப்பு வருகிறது. சுங்கம் நடைக்கு ரூ.5,500; லாரி ஆண்டுக்கு 50 நடை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பர்மிட்: 16,500 ÷ 50 = நடைக்கு ரூ.330. கிலோவுக்கு 3 காசு.
சுங்கம்: 5,500 ÷ 11,000 = கிலோவுக்கு 50 காசு.

சுங்கம் 5 சதவீதம் ஏறினால் கூடுவது ரூ.275; கிலோவுக்கு இரண்டரைக் காசுதான். அதைக் காரணம் காட்டி 25 காசு கேட்டால், மீதி இருபத்திரண்டரைக் காசு எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. டீசலா, டயரா, கூலியா? அவர் சொல்லட்டும்.

4. கூடுதல் பாரம்

வாடகையை மிச்சம் பிடிக்க "இரண்டு டன் சேர்த்துப் போடு" என்பது நம்மில் சிலர் வழக்கம். கிலோவுக்கு ரூ.3 வாடகை என்றால் மிச்சம் ரூ.6,000. 2019 செப்டம்பர் முதல் சட்டப்படி அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் டன்னுக்கு ரூ.2,000. ஆக ரூ.24,000! கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் தனி. இறக்காமல் வண்டி நகர முடியாது. ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சட்டம் பிடிக்கும். "டிரைவர் பாடு" என்று நாம் ஒதுங்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

• வாடகை பேசும்போதே சுங்கம் உட்படவா, தனியா என்று பேசி எழுதி வாங்குங்கள். தனி என்றால் ரசீது கேளுங்கள்.

• விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் 2017 ஜூலை 1 முதல் நம் மாநிலத்தில் இல்லை. அந்தப் பெயரில் பில்லில் தொகை இருந்தால் கொடுக்காதீர்கள்.

• ஆர்.சி.யில் உள்ள எடையைப் பார்த்து, எடைமேடைச் சீட்டுடன் பாரம் ஏற்றுங்கள்.

• பாதி லாரி வேண்டாம். காலாண்டு வரியும் பர்மிட்டும் சுங்கமும் பாதி பாரத்திற்குக் குறையாது. கிலோச் செலவு இரட்டிப்பாகும். பக்கத்துக் கடைக்காரருடன் சேர்ந்து முழு லாரி எடுத்தால் இருவருக்கும் லாபம்.

லாரி உரிமையாளரும் நம்மைப் போல் வணிகரே. அவர் கட்டும் வரியை நாம் மதிப்போம். கட்டாத வரியை நம் தலையில் ஏற்ற விடமாட்டோம்.